முன்வரிசையில் யார்?

படம், டிவி காமெடி, ராப். இந்த மூன்றையும் பேசாமல் நம் இளைஞர் சந்திப்பு எதுவும் முடிவதில்லை. திருமுறை ஓதி, பிரசாதம் கைக்கு வந்த அடுத்த நிமிடமே “அண்ணே, படம் பாத்தாச்சா?” என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சு சூடு பிடித்ததும் இரண்டு கட்சிகள் பிரியும்.

“படம்தானே, விடுங்கண்ணே. ரெண்டரை மணி நேரம் ஜாலியா இருந்தோம், வந்தோம். அவ்ளோதான்” என்பது ஒரு கட்சி. “இந்தப் படமும் ராப்பும்தான் நம்ம பிள்ளைங்கள கெடுக்குது. நிப்பாட்டணும்” என்பது பெரியவர்களின் கட்சி. இரண்டையும் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் செய்வது கர்மம் என்று சமய வகுப்பில் படிக்கிறோம். அப்படியானால் ஒரு படத்துக்குக் கைதட்டுவதும், ஒரு ஜோக்குக்குச் சிரிப்பதும், ஒரு பாட்டைப் பத்து பேருக்கு அனுப்புவதும் எந்தக் கணக்கில் வரும்?

முதலில் பெரியவர்கள் பக்கம். அவர்கள் சும்மா பயப்படவில்லை, சாஸ்திரமே துணைக்கு இருக்கிறது. ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அதில் பற்று வருகிறது, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், கடைசியில் புத்தி நாசம் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் படிப்படியாகச் சொல்கிறார். நாள் முழுக்க வெட்டும் குத்தும் காதில் ஓடினால் மனம் எங்கே போகும் என்று ஒரு அம்மா கேட்டால் அதில் நியாயம் உண்டு.

ஆனால் நம் மரபு கூத்தையும் நாடகத்தையும் ஒதுக்கிவைத்த மரபு கிடையாது. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் நாடகத்தை ஐந்தாவது வேதம் என்கிறது. நான்கு வேதங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து பிரம்மா இதைப் படைத்தாராம், எல்லோரும் கேட்கலாம், எல்லோரும் பார்க்கலாம் என்பதற்காக. அந்த முதல் நாடகம் அரங்கேறிய கதையை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டிய கதை அது.

இந்திரனுடைய கொடி விழாவில் நாடகம் நடக்கிறது. கதை என்ன? தேவர்கள் அசுரர்களை வென்ற கதை. தேவர்களுக்கு ஒரே குஷி, பரிசுகளை அள்ளிக் கொடுக்கிறார்கள். ஆனால் பார்க்க வந்தவர்களில் அசுரர்களும் இருக்கிறார்கள். தங்கள் தோல்வியைத் தங்கள் கண் முன்னாலேயே வேடிக்கையாக நடித்துக் காட்டினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? கோபம் வருகிறது. நடிகர்களின் பேச்சையும் அசைவையும் ஞாபகத்தையும் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். இந்திரன் கொடிக்கம்பத்தை எடுத்து அடிக்கிறான். அப்போதும் பிரச்சினை தீரவில்லை. பிறகு பிரம்மா அசுரர்களை உட்காரவைத்துப் பேசுகிறார். இந்த நாடகம் தேவர்களுக்கு மட்டும் உரியதல்ல, மூவுலகத்தில் நடப்பதையும் காட்டுவது, உங்கள் நல்லது கெட்டதும் இதில் வரும் என்று சமாதானம் சொல்கிறார்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்று. தோற்றவன் அன்று சபையில் உட்கார்ந்திருந்தான். அவன் இல்லாத இடத்தில் ஆடியிருந்தால் யாருக்கும் ஒரு சங்கடமும் வந்திருக்காது. அவன் இருந்ததால்தான் நாடகம் யாருக்கு, எதற்கு என்ற கேள்வியே பிறந்தது.

இதிலிருந்து எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். ஒரு படத்தில் அடி வாங்குபவன், ஒரு ஜோக்கில் கேலிக்கு ஆளாகிறவன், ஒரு பாட்டில் திட்டு வாங்குபவன், அவன் இப்போது என் பக்கத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் நான் இதே மாதிரி கைதட்டுவேனா? இந்த ஒரு கேள்விதான். கெட்ட வார்த்தை எத்தனை, ரத்தம் எவ்வளவு என்று எண்ணுவதைவிட இது சரியாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

படங்களில் வைத்துப் பார்ப்போம். 2023ல் வந்த ‘ஜெயிலர்’ நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தோடு பார்த்த படம். நானும் ரசித்தேன். ஓய்வுபெற்ற சிறை அதிகாரி, சிலை கடத்தும் கும்பல், ரஜினியின் அந்த அமைதியான முறைப்பு, எல்லாமே நன்றாக இருந்தது. ரத்தம் தெறிக்கிற இடத்தில் தியேட்டரே சிரித்தது. இயக்குநர் நெல்சன் வேண்டுமென்றே அப்படித்தான் எடுத்திருக்கிறார், அது அவருடைய பாணி. ஆனால் அந்தப் படத்தில் கொத்துக்கொத்தாகச் சாகிற அடியாட்களுக்கு முகம் கிடையாது, வீடு கிடையாது, அழ ஓர் ஆள் கிடையாது. அதனால்தான் நம்மால் சிரிக்க முடிகிறது.

நம் நாட்டில் அந்த அடியாள் யார்? 2013ல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்களில் பெரும்பகுதி இந்தியர்கள் என்றும் சொன்னது. அடுத்த தாமானில் இருக்கிற பையன், நம்மோடு உறுமி அடித்த பையன், அவன்தான் அந்த அடியாள். அவனுடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

2016ல் வந்த ‘கபாலி’ நம் மண்ணிலேயே நடக்கிற கதை. தோட்டத்து மக்களின் கதையையும், இளைஞர்களுக்குப் பள்ளி நடத்துவதையும் பா. ரஞ்சித் அதில் காட்டினார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தியாவில் அந்தப் படத்தின் முடிவு நம் ஊகத்துக்கு விடப்பட்டது. மலேசியாவில் காட்டியபோது கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று கடைசியில் ஒரு வரி எழுதிப் போட்டார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் இரண்டரை மணி நேரம் அந்தக் கோட்டையும் நடையையும் பார்த்து மயங்கிய பையனை கடைசி ஒரு வரி திருத்திவிடுமா? சொல்லுங்க பார்ப்போம்.

இதற்கு முந்தின ஆண்டு சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’ வந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கிய தமிழ்ப்படம். அப்போய் என்ற சிறுவன், கண்டிப்பான அப்பா, போதையில் சீரழிந்த ஒரு சித்தப்பா, கும்பலில் இருக்கிற இன்னொரு சித்தப்பா. தோட்டம் போன பிறகு எங்கே நிற்பது என்று தெரியாத ஒரு குடும்பம். கெட்ட வார்த்தையும் உண்டு, அடிதடியும் உண்டு. “பிள்ளைங்களுக்குக் காட்டக்கூடிய படமா இது?” என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஆனால் அந்தப் படத்தை கும்பலில் மகனைத் தொலைத்த ஓர் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாம். அவர் அழுவார், ஆனால் அவமானப்பட மாட்டார். அடி வாங்குபவனுக்கும் அடிப்பவனுக்கும் அதில் வீடு இருக்கிறது.

அடுத்தது காமெடி. இதில்தான் நாம் கொஞ்சமும் யோசிப்பதில்லை, ஏனென்றால் காமெடி பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. கெட்ட வார்த்தை இல்லை, ரத்தம் இல்லை, பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து பார்க்கலாம். ஆனால் டிவி காமெடி மேடைகளில் சிரிப்புக்கு என்ன சரக்கு என்று கவனித்துப் பாருங்கள். ஒருவர் கறுப்பு, ஒருவர் குண்டு, ஒருவருக்கு முடி இல்லை, ஓர் ஆண் புடவை கட்டி நெளிகிறார். பாதி நிகழ்ச்சி இதிலேயே ஓடிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கலை இரவுக்கு நிகழ்ச்சி தேர்வு செய்யும் குழுவில் இருந்தேன். இரண்டு நிகழ்ச்சிகள் வந்தன. ஒன்று, டிவியில் பார்த்ததை வைத்து மாணவர்கள் தயாரித்த காமெடி நாடகம். குழுவிலேயே கறுப்பான பையன்தான் அதில் காமெடியன், ஏழெட்டு ஜோக்கும் அவன் நிறத்தைப் பற்றி. இன்னொன்று, இரண்டு பையன்கள் எழுதிய ராப். லோரி ஓட்டும் அப்பா இரவு வீட்டுக்கு வராத கோபத்தைப் பற்றியது, நடுவில் கொஞ்சம் கரடுமுரடான சொற்கள். “காமெடி ஓகே, நல்லா சிரிக்கலாம். ராப் வேணாம்லா, கோயில் மண்டபம் இது” என்றார்கள். நான் மறுத்துப் பேசினேன். பெரும்பான்மை அந்தப் பக்கம்.

நாடகம் நடந்தது, நல்ல கைதட்டல். அந்தப் பையனும் சிரித்துக்கொண்டேதான் நடித்தான். மேடையில் வைத்த பட்டப்பெயர் மறுநாள் முதல் வகுப்பிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, “அண்ணே, அங்க வந்தா எல்லாரும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுறாங்க. என் பேரே அவங்களுக்கு மறந்துபோச்சு” என்றான். படிவம் இரண்டு படிக்கும் பிள்ளை. ‘கிருஷ்ணன்’ என்ற சொல்லுக்கே கருநிறத்தவன் என்று பொருள் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு நம்முடையது.

“அப்போ சிரிக்கவே கூடாதா?” என்று கேட்பீர்கள். சிரிக்கலாம். பரத முனிவர் நகைச்சுவையை எட்டு ரசங்களில் ஒன்றாக வைக்கிறார். சிரிப்பையே ஆறு வகையாகப் பிரிக்கிறார். விகாரமான வேடமும், உடல் குறையைச் சுட்டிக் காட்டுவதும் சிரிப்பை வரவைக்கும் என்று அவரே பட்டியலில் எழுதுகிறார். மனிதன் எதற்கெல்லாம் சிரிப்பான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதே நூலின் கடைசிப் பகுதியில் இன்னொரு கதை வருகிறது. பரதரின் பிள்ளைகள் கலையில் தேர்ந்து, கர்வம் ஏறி, முனிவர்களைக் கேலி செய்து ஒரு நாடகம் போடுகிறார்கள். முனிவர்கள் சபிக்கிறார்கள், பிள்ளைகள் தங்கள் நிலையிலிருந்து விழுகிறார்கள். நாடகத்தை வேதம் என்று சொன்ன நூலே, கேலி எங்கே போய் முடியும் என்ற எச்சரிக்கையையும் கூடவே வைத்திருக்கிறது. வள்ளுவரும் பண்புடைமை அதிகாரத்தில், விளையாட்டுக்காகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பம்தான் என்கிறார்.

ஒரு சந்தேகம் வரலாம். கேலிக்கு ஆளாகிறவருக்கு வலிக்கக்கூடாது என்றால் ஊழல் செய்பவனை, ஆணவம் பிடித்தவனைக்கூட கேலி செய்ய முடியாதே? நல்ல கேள்வி. ‘லொள்ளு சபா’ பெரிய பெரிய ஹீரோக்களின் படங்களையே கிண்டலடித்தது. அந்த ஹீரோ முன்வரிசையில் இருந்தால் நெளிவார். நெளியட்டுமே! அவரிடம் ரசிகர் மன்றம் இருக்கிறது, பேட்டி கொடுக்க மைக் இருக்கிறது, எழுந்து பதில் சொல்ல முடியும். படிவம் இரண்டு பையனிடம் என்ன இருக்கிறது? அதனால் என் கேள்விக்கு ஒரு வால் சேர்த்துக்கொள்கிறேன்: வலித்தால் அவரால் எழுந்து பேச முடியுமா? முடியும் என்றால் கேலி ஒரு விவாதம். முடியாது என்றால் அது கைகட்டி நிற்பவனை அடிப்பது.

வடிவேலுவை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடமாக அவர் அடி வாங்குவதைப் பார்த்துத்தான் நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். வாட்ஸ்அப் முழுக்க அவர் முகம்தான். 2023ல் மாரி செல்வராஜ் அதே வடிவேலுவை ‘மாமன்னன்’ ஆக்கினார். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் மற்றவர் முன் நாற்காலியில் உட்காரத் தயங்கி நிற்கும் மனிதர். மகன் அவரை உட்காரச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கும் காட்சியில், நான் பார்த்த தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. அடி வாங்குகிற உடம்புக்குள்ளே ஒரு அப்பா இத்தனை நாளும் இருந்தார் என்று காட்டிவிட்டார்கள். காமெடியைக் குறை சொல்லும் எந்தச் சொற்பொழிவும் இந்த வேலையைச் செய்திருக்காது.

இப்போது ராப். நம் பெரியவர்களுக்கு இதுதான் அலர்ஜி. ஆனால் தமிழ் ராப்பில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. யோகி பியும் நட்சத்திராவும் 2006ல் ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். 1980ல் வந்த ‘நிழல்கள்’ படத்தின் இளையராஜா பாடலை எடுத்து அவர்கள் செய்த ‘மடை திறந்து’ தமிழ்நாட்டு இளைஞர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகு தமிழ்நாட்டில் அறிவு, ஓஃப்ரோ இருவரும் 2019ல் ‘தெருக்குரல்’ ஆல்பம் தந்தார்கள். 2021ல் அறிவும் தீயும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டியை முன்வரிசையில் உட்காரவைத்து ஒலிக்கவிடக்கூடிய பாட்டு அது.

“சொல் கரடுமுரடா இருக்கே?” என்பார்கள். சிவபெருமானையே பித்தன் என்று ஏசிய சுந்தரரை நாம் வன்தொண்டர் என்று கும்பிடுகிறோம். அந்த ஏச்சுச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று இறைவனே கேட்டதாகப் பெரிய புராணம் சொல்கிறது. சிவவாக்கியரைப் படித்தவர்களுக்குச் சித்தர்களின் நாக்கு எவ்வளவு கூர்மை என்று தெரியும். சொல் கரடாக இருப்பதாலேயே பாட்டு அதர்மம் ஆகிவிடாது. யாரை நோக்கி, எதற்காக என்பதுதான் பேச்சு.

அதற்காக எல்லா ராப்பையும் தூக்கிப்பிடிக்கவில்லை. கும்பல் எண்ணைப் பெருமையாகச் சொல்லும் பாட்டுகளும், ஏமாற்றிய காதலி என்ற பெயரில் பெண்களை மொத்தமாக ஏசும் பாட்டுகளும் நம் ஊரிலேயே நிறைய ஓடுகின்றன. உன் அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்து அதைப் போடு பார்ப்போம் தம்பி. விரல் தானாக நிறுத்தும் பட்டனுக்குப் போகும்.

கடைசியாக ஒரு கஷ்டமான உதாரணம். 2019ல் சிங்கப்பூரில் மின்னணுக் கட்டணச் சேவை ஒன்றின் விளம்பரம் வந்தது. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற சீன நடிகர் ஒருவரையே பல இனத்தவராக வேடமிட வைத்தார்கள். தோலைக் கறுப்பாக்கி, கே. முத்துசாமி என்று பெயர் அட்டை மாட்டி ஓர் இந்தியர் வேடமும் அதில் இருந்தது. ப்ரீத்தி நாயர், சுபாஷ் நாயர் என்ற உடன்பிறப்புகள் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ராப் காணொளி ஒன்றை வெளியிட்டார்கள். அதில் சீனர்களை மொத்தமாக ஏசும் வசைச்சொல் இருந்தது. விளம்பரக்காரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். போலீஸ் அந்த இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது.

சட்டம் பற்றி நான் பேச வரவில்லை. அறம் என்று பார்த்தால் எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அந்த விளம்பரத்தை ஓர் உண்மையான முத்துசாமி முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார் என்று எடுத்தவர்கள் நினைக்கவே இல்லை. அதனால் அந்தக் கோபம் நியாயமான கோபம். ஆனால் பதில் பாட்டின் முன்வரிசையில், அந்த விளம்பரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சீன நண்பர் உட்கார்ந்திருக்கிறார். கோபம் அவர் மேலும் விழுகிறது.

நம் கதைகளிலும் இது நடக்கிறது. உடல் எட்டுக் கோணலான அஷ்டாவக்கிரர் ஜனகரின் சபைக்கு வந்தபோது பண்டிதர்கள் சிரித்தார்களாம். அவரும் சிரித்து, ஞானிகளின் சபை என்று வந்தேன், தோலை மட்டும் பார்க்கிறீர்களே, நீங்கள் தோல் தொழிலாளிகளா என்று கேட்டாராம். கதை சொல்பவர்கள் இந்த இடத்தில் கைதட்டல் வாங்குவார்கள். எனக்கு அங்கே ஒரு நெருடல் எப்போதும் உண்டு. சிரித்தவர்கள் பண்டிதர்கள், இடிபட்டது அந்தச் சபையிலேயே இல்லாத தோல் தொழிலாளி. அவமானப்பட்டவனின் பதிலும் சில நேரம் தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிடுகிறது. கோபப்படுகிற நாம் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, பார்க்காதே, கேட்காதே என்று தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைத்தொலைபேசி இருக்கிற காலத்தில் தடை வீட்டு வாசலோடு சரி. முகாம்களில் யோகா, பஜனையோடு ஒரு மாலை சேர்ந்து படம் பார்ப்போம், முடிந்ததும் ஒரு மணி நேரம் பேசுவோம். பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசுவார்கள். கலை இரவுக்கு நிகழ்ச்சி தேர்வு செய்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒத்திகை அன்று முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விடுங்கள். அந்த நிகழ்ச்சியில் யார் அடி வாங்குகிறாரோ, யார் கேலிக்கு ஆளாகிறாரோ, அவருடைய பெயரை ஒரு தாளில் எழுதி அதன் மேல் வையுங்கள். அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நடிக்க முடிந்தால், பாட முடிந்தால், அந்த நிகழ்ச்சியை மேடை ஏற்றுங்கள்.